"எனக்கு ஸ்லாங்கே இல்ல, நான் நார்மலாத்தான் பேசுறேன்"

"உங்க ஸ்லாங் ஒரு மாதிரி இருக்கே, எந்த ஊரு?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறவங்ககிட்ட, "சரி, உங்க ஸ்லாங் எந்த ஊரு?"ன்னு திருப்பிக் கேட்டுப் பாருங்க. கொஞ்ச நேரம் முழிப்பாங்க. அப்புறம் வரும் அந்தப் பதில்: "எனக்கு ஸ்லாங்லாம் இல்லப்பா, நான் நார்மலாத்தான் பேசுறேன்." பத்திக்கிட்டு வருது! ஊரும் சாதியும் படிப்பும் ஒட்டாத வாயோட எந்த ஆகாயத்துலய்யா பொறந்தீங்க?

அந்த "நார்மல்" ஒண்ணும் தொல்காப்பியர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது இல்ல. 1930கள்ல வந்த பேசும்படம் நிறையத்துல படிச்ச ஆளுன்னா பிராமணப் பேச்சுதான். அப்புறம் மேடைத் தமிழ் வசனம் வந்துச்சு. அதுவும் அடங்கின பிறகு, படிச்ச பிராமணரல்லாதார் பேச்சு, அதுலயும் தஞ்சாவூர், திருச்சி வாடை அடிக்குற பேச்சு, சினிமாவும் டிவியும் ஏறி "பொது" ஆயிடுச்சு. அதுவும் ஒரு வட்டார வழக்குதான், மைக் கிடைச்ச வட்டாரம். இந்தப் பதிவும் அந்தத் தமிழ்லதான் இருக்கு, மறைக்க ஒண்ணுமில்ல.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்குவோம்: கொண்டு. "பேசிக்கொண்டு"ன்னு எழுதுறோம். வாயில யாராவது அப்படிச் சொல்றாங்களா? பிராமண வீட்டுல அது தேஞ்சு "பேசிண்டு". பொதுப் பேச்சுல "பேசிக்கிட்டு". வடசென்னையில "பேசிக்கினு". மூணும் ஒரே "கொண்டு"வோட தேய்மானம். எதுலயும் இலக்கணம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஆனா "பேசிண்டு"ன்னா ஆச்சாரம், "பேசிக்கிட்டு"ன்னா மரியாதையான ஆளு, "பேசிக்கினு"ன்னா ரவுடி, பையைப் பத்திரமாப் புடிச்சுக்கோ! குத்தம் சொல்லுல இல்ல, அதைச் சொல்றவன் குடியிருக்குற தெருவுல.

"இல்லல்ல, சென்னைக்காரங்க 'வூடு'ன்னு கொச்சையாப் பேசுறாங்களே"ன்னு அடுத்த வாதம் வரும். சரி, அதையும் பாப்போம். முன்னாடி ப, வ, ம மாதிரி உதடு சேந்து வர்ற எழுத்து, நடுவுல இ, எ, ஏ மாதிரி உயிர், பின்னாடி ட, ண, ள, ழ மாதிரி நாக்கை மடிக்கிற எழுத்து. இப்படி மாட்டிக்கிட்டா அந்த நடு உயிர் குவிஞ்சு உ, ஒ ஆயிடும். பெண், பொண்ணு. பிள்ளை, புள்ள. பிடி, புடி. இதையெல்லாம் சொல்லாத வாய் இருக்கா? ஆடி கார்ல போறவரும் "பொண்ணு பாக்கப் போறோம்"னுதான் சொல்றார். வீடு, வூடு. விடு, வுடு. விழு, வுழு. அதே விதி, அதே உதடு, அதே நாக்கு. முதல் மூணையும் நீங்க சொல்றீங்க, அதனால தமிழ். அடுத்த மூணையும் அவங்க சொல்றாங்க, அதனால கொச்சை. நல்லா இருக்குய்யா நியாயம்.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. 1962ல வில்லியம் லேபோவ்னு ஒரு அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்குல மூணு டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல, ஒண்ணு பணக்காரக் கடை, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு மலிவு, விற்பனையாளர்கள் வாயில "ஃபோர்த் ஃப்ளோர்"னு வரவழைச்சு, "ர்" கேக்குதா இல்லையான்னு குறிச்சார். கடை விலை ஏற ஏற "ர்"ரும் ஏறிச்சு. லண்டன்லயோ "ர்"ரை முழுங்கினாத்தான் கனவான். ஒலி ஒண்ணுதான், கடலைத் தாண்டினா மதிப்பு தலைகீழ்.

மெட்ராஸ் பாஷைச் சொல்லுங்களைக் கேட்டாலே மூக்கைப் பொத்துறவங்களுக்கு இன்னொண்ணு. "பேஜார்" பாரசீகத்துல இருந்து உருது வழியா வந்தது. "பேமானி"யும் அப்படித்தான், ஈமான் இல்லாதவன். "சோமாரி"யும் "நைனா"வும் தெலுங்கு. "கஸ்மாலம்" இருக்கே, அது பச்சை சமஸ்கிருதம். பகவத் கீதை 2ஆம் அத்தியாயம் 2ஆம் சுலோகத்துல கிருஷ்ணன் அர்ஜுனனைப் பாத்து "குதஸ்த்வா கஸ்மலம் இதம்"னுதான் ஆரம்பிக்கிறார். பூஜை ரூம்ல பக்தியாப் படிச்சுட்டு, வெளிய வந்து ஆட்டோக்காரர் சொன்னா "ச்சீ, என்ன பாஷை"!

இதுல கொடுமை, அதே தெருவுல இருந்து "மச்சி", "கலாய்", "மொக்க", "கெத்து" எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க பேசினா அது கூல். கேம்பஸ்ல "செம கெத்து மச்சி"ன்னா இவன் நம்ம ஆளு. அதே வார்த்தையை மீன்பாடி வண்டிக்காரர் சொன்னா "டீசன்டாப் பேசுங்க". அவங்களுக்கு அது சட்டை, வேணும்னா போட்டுக்கலாம், இன்டர்வியூவுக்குக் கழட்டிடலாம். இவருக்கு அது தோலு.

அடுத்தது, வட்டார வழக்குல "காமெடி" எழுதுறவங்க. திருநெல்வேலின்னா வாக்கியத்துக்கு ஒரு "லே", கோயம்புத்தூர்னா ஒரு "ங்க", மதுரைன்னா ஒரு "ய்ங்க". ஊறுகாயா தொட்டுக்கிறதுக்கு? "ஏலே, நான் சொல்றேன்லே"ன்னு எழுதுறான். நெல்லைக்காரர் வாயில அது "சொல்லுதேன்". நிகழ்காலமே அங்க வேற, அதைத் தொடாம வாலை மட்டும் ஒட்டினா? "லே" வயசுல சின்னவன், கூட்டாளி மாதிரி ஆம்பளைங்களுக்கு. பொம்பளைப் பிள்ளைன்னா "ஏளா", "ஏட்டி". "வே" வேணும்னா "நீரு" வரணும்: "என்னவே சொல்லுதீரு?" பெரியவங்களை "அவிய வந்தாவ"ம்பாங்க. அதே மரியாதை ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் "அவுக வந்தாக".

மதுரை "வந்தாய்ங்க" இதை விட மோசமா அடிபடுது. அது "அந்தப் பயலுக வந்தானுங்க"ங்கிற தொனி, மரியாதை இல்லாத பன்மை. ஒரு விளம்பரத்துல "எங்க அப்பா வந்தாய்ங்க"ன்னு வச்சா மதுரைக்காரர் சிரிப்பாரா, அடிப்பாரா? கொங்குல "போறேங்க" இல்ல, "போறனுங்க". கடைசியில வர்ற "ஏன்" குறுகி "அன்" ஆயிட்டுத்தான் "ங்க" ஏறும். அந்த "ங்க" மரியாதை. வில்லன் கழுத்தைப் புடிச்சு மிரட்டுற வசனத்துலயும் அதை விடாம ஒட்டுறாங்களே, கோவம் வந்தா முதல்ல கழண்டு விழுறதே அதுதான். யாழ்ப்பாணத்துக்கு ஒரு "ஓம்" போட்டா முடிஞ்சுதாம். அங்க "கதைக்கிறது"தான் பேசுறது. "பேசினார்"னா திட்டினார்னு அர்த்தம். வசனம் எழுதின ஆளு "அம்மா என்கூட பேசினா"ன்னு பாசமா வச்சா, அங்க கேக்குறவங்களுக்கு அம்மா ஏசின மாதிரிதான் இருக்கும்.

எல்லாத்தையும் விட எரிச்சல், சாதி மோப்பம். நேரா கேக்கக் கூச்சம், அதனால வாயைக் கிண்டுறது. வீடு வாடகைக்குக் கேக்கப் போனா "தம்பி எந்தப் பக்கம்? அம்மாவோட அப்பாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" "அப்புச்சி"ன்னா ஒரு கணக்கு, "வாப்பா"ன்னு வாய் தவறி வந்தா ஒரு கணக்கு, "அத்திம்பேர்"னா ஒரு கணக்கு. அந்தக் கணக்கும் ஒழுங்காத் தெரியாது. "ஆச்சி"ன்னு சொன்னதும் செட்டிநாடுன்னு முடிவு கட்டிடுவாங்க. அங்க அக்காதான் ஆச்சி. திருநெல்வேலியில ஆச்சின்னா பாட்டி. அக்காவா பாட்டியான்னு கூடப் பிரிக்கத் தெரியாதவங்க, குலம் கோத்திரம் பிரிச்சு, "வீடு நேத்தே முடிஞ்சுருச்சு தம்பி"ன்னு கதவைச் சாத்துறாங்க. டூ-லெட் போர்டு மட்டும் அப்படியே தொங்குது.