17 அங்குலம் எல்லாச் சாலைக்கும் ஆகாது
காரை 40 மி.மீ. தாழ்த்தி 17 அங்குல அலாய் வீல் மாட்டினாலே வளைவுகளில் பிடிப்பு கூடிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைக் கார் பந்தயத் தளத்துக்குப் பொருந்தலாம். கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடிக் குழிவிழும் எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பொருந்தாது. 16 அங்குலச் சக்கரத்துக்கான 195/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் (சக்கர விளிம்புக்கு வெளியே தெரியும் ரப்பர்) உயரம் 107 மி.மீ., 17 அங்குலத்துக்கான 205/45 ஆர்17 டயருக்கோ 92 மி.மீ. மட்டுமே, குழியின் அடியை வாங்கிக்கொள்ள அந்த 15 மி.மீ. எவ்வளவு உதவியது என்பதை, திருவொற்றியூரில் மழைநீர் மூடிய ஒரு குழியில், 17 அங்குலத்துக்கு மாற்றியிருந்த என் காரின் முன்சக்கர விளிம்பு வளைந்து, டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்த அன்றுதான் உணர்ந்தேன். உள்ளிருக்கும் இழைகள் அறுந்தால் வரும் புடைப்பு அது, பஞ்சர்போல ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அதைவிட முக்கியமாக, காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கிப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால், வளைவின் நடுவே ஒரு மேடு வந்ததும் சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கி, கடைசித் தடையாக இருக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் இடித்து, டயர் பிடியை இழக்கிறது. இப்போது 16 அங்குலத்துக்கே திரும்பி, மிச்சப் பணத்தில் நல்ல டயரும் ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும் போட்டிருக்கிறேன். அதே சாலையில் கார் முன்பைவிட உறுதியாகத் திரும்புகிறது.