பாட்டி சொல்ல, பேரன் எழுத

(1938. அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீடு. ஊர்ப் பெரியவர்களிடம் பழங்கதைகளையும் கைவைத்தியங்களையும் கேட்டெழுதி வருமாறு அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் பள்ளிகளின் வழியாகப் பிள்ளைகளைப் பணித்திருப்பதால், பேரன் நோட்டுப் புத்தகத்துடன் பாட்டியின் எதிரே அமர்ந்திருக்கிறான். பாட்டிக்கு இதில் பேரனைவிட ஆர்வம் அதிகம்.)

பேரன்: பாட்டி, கக்குவான் இருமலுக்கு என்ன மருந்து?

பாட்டி: வெள்ளைக் குதிரையில் வருபவரை வழிமறித்து இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் எதைச் சொல்கிறாரோ அதுவே மருந்து.

பேரன்: அவர் வைத்தியம் படித்தவரா?

பாட்டி: குதிரை வெள்ளையாக இருந்தால் போதும்.

பேரன்: அவசர வேலையாகப் போகிறவர், "வழியை விட்டு விலகு" என்று எரிந்து விழுந்தால்?

பாட்டி: விலகிக்கொள். இருமலும் விலகிவிடும்.

பேரன்: பொன்னுக்குவீங்கிக்கு?

பாட்டி: பிள்ளையின் தலையில் கழுதையின் கடிவாளத்தை மாட்டி, பன்றித் தொழுவத்துக்கு நடத்திச் சென்று, வீங்கிய கன்னத்தைப் பன்றியின் முதுகில் தேய்த்தால், வீக்கம் பன்றிக்குப் போய்விடும். உன் அப்பாவுக்கு நான்தான் செய்தேன். இரண்டு வாரத்தில் குணமானது.

பேரன்: அது இரண்டு வாரத்தில் தானாகவே வடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாரே?

பாட்டி: அவர் பன்றியிடம் விசாரித்தாரா?

பேரன்: சரி, ஏழாவது மகனுக்குக் கைராசி உண்டென்பதை எப்படி அறிவது?

பாட்டி: இடையில் பெண் பிறவாமல் தொடர்ந்து ஏழாவதாகப் பிறந்த ஆண் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு மண்புழுவை வைத்துப் பார்ப்பார்கள். புழு செத்தால் குழந்தை வைத்தியன்.

பேரன்: கை வைத்த முதல் உயிரே போய்விட்டதே, பாட்டி!

பாட்டி: புழு நோயாளியாக வரவில்லையே! இதையும் எழுதிக்கொள்: இத்தகையவர்களுக்குக் கூலி கொடுக்கக் கூடாது, நன்றி சொன்னாலும் மருந்து பலிக்காது.

பேரன்: தாத்தா டாக்டரைவிட இவர்களை அதிகம் நம்பியது அதனால்தானோ? கடைசியாக, மருவுக்குச் சொல்லுங்கள்.

பாட்டி: எத்தனை மரு உண்டோ அத்தனை கூழாங்கற்களை எடுத்து, ஒவ்வொன்றாலும் ஒரு மருவைத் தேய்த்து, கற்களைப் பொட்டலமாகக் கட்டி நாற்சந்தியில் போட்டுவிட வேண்டும். எடுத்துப் பிரிக்கிறவரிடம் மரு போய்ச் சேரும்.

பேரன்: போன மாதம் எங்கள் ஆசிரியர், நாடாவால் அழகாகக் கட்டிய ஒரு பொட்டலத்தை நாற்சந்தியில் கண்டெடுத்து ஆவலோடு பிரித்தார். உள்ளே மூன்று கற்கள். இப்போது அவருடைய விரலில்…

பாட்டி: மூன்றா?

பேரன்: மூன்று. உங்கள் கையில் இருந்த மூன்றையும் காணோமே, பாட்டி?

பாட்டி: இந்த நோட்டைத் திருத்தப்போவது அவர்தானே? மருவை அடித்துவிடு, குதிரையைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுது.