கரைந்துபோன கம்பியைப் பற்றி யாரும் சொல்லவில்லை

நேற்று எங்கள் கீசரைக் கழற்றினார்கள். பதினைந்து லிட்டர் தொட்டிக்குள்ளிருந்து இரண்டு கை கொள்ளாத அளவுக்குச் சுண்ணாம்புச் செதில்கள் கொட்டின. தண்ணீரைச் சூடாக்கும் மின் காயிலின் மேல் முட்டை ஓட்டைவிடத் தடிமனாக வெள்ளைப் படிவு. ஒரு மாதமாக உள்ளே உலை கொதிப்பது போலக் கடகடவென்று சத்தம். ஒரு வாளி வெந்நீருக்கு அரை மணி நேரம் காத்திருந்தோம்.

"போர் தண்ணீர் அப்படித்தான் அம்மா. புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார் வந்தவர்.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அது எனக்குத் தெரியாதா? கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கார்பனேட்டாக மாறிப் படியும், சூடு கூடக் கூடப் படிவும் கூடும். பள்ளிக்கூடப் பாடம்தான் இது. அப்படியிருக்க, பொருத்திய அன்றே சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை முழுச் சூட்டில் திருகி வைத்துவிட்டுப் போனது யார்? 55, 60 டிகிரி போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்கு வயிறு எரிவது அதற்காக மட்டுமல்ல. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி உண்டாம். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். நான்கு ஆண்டுகளாகப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் வெளியே துணியால் துடைத்தார்கள், குழாயைத் திறந்து மூடினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். அடித் திறப்பை அவிழ்த்து வண்டலை வடித்தவர் ஒருவரும் இல்லை. நேற்று பார்த்தால் மெக்னீசியம் மொத்தமும் போய், நடுவிலிருந்த இரும்புக் கம்பி துரும்பாகத் தொங்கியது. உத்தரவாத அட்டையை எடுத்தேன். கடின நீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊரில்தான் விற்கிறோம் என்பது விற்கும்போது தெரியாதா?

தொட்டி இன்னும் ஒழுகவில்லை. காயிலையும் கம்பியையும் மாற்றிக் கொடுங்கள், போதும் என்றேன். கம்பி கையிருப்பில் இல்லையாம், வரவழைக்க மூன்று வாரம் ஆகுமாம். புது கீசர் என்றால் மாலைக்குள் வந்துவிடுமாம்! வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

மூட்டு வலியோடு இருக்கும் என் மாமியார் இன்று காலை அடுப்பில் காய்ச்சிய வெந்நீரில்தான் குளித்தார். அந்த அண்டாவை நான் தூக்கிக்கொண்டு போனேன்.