முப்பது நாள் விருந்தாளிக்கு யாரும் பாக்கி கொடுப்பதில்லை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, குமாரபாளையத்தில் என் பெரியப்பா வேலை பார்த்துக்கொண்டிருந்த தறிக்குடோனுக்கு ஒரு காணொளிக் குழு வந்தது. கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் ஏழு நாள்கள் தறிக்காரராக வாழ்ந்து பார்ப்பது, அதை அப்படியே படமாக்குவது என்பது அவர்களுடைய திட்டம். அந்தத் தம்பி பெரியப்பா வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டார். பெரியம்மா ஆக்கிய அரிசியும் பருப்பும் சாப்பிட்டார். இரவு ஷிப்டுக்கு அவர்களோடு நடந்தே போனார். அவருடைய உழைப்பில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பழைய நாடாத் தறியில், குறுக்கே ஓடி நூல் போடும் நாடாவுக்குள் இருக்கும் தார் (நூல் சுற்றிய குழல்) தீர்ந்ததும் புதிய தாரைப் பொருத்தி, நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சி நூலை வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு உறிஞ்சலிலும் பஞ்சுத் தூசி தொண்டைக்குள் இறங்கும். முதல் நாள் விடியும்வரை இருமிக்கொண்டே இருந்தவர், நான்காம் நாள் ஒரே உறிஞ்சலில் நூலை எடுத்துக் காட்டினார். தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் அங்கே எல்லோரும் கைச்சாடையிலேயே பேசிக்கொள்வார்கள். அதில் பாதியையும் அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை ஷிப்டு முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பெரியப்பா அவரிடம் உண்மையான அக்கறையோடு ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங் தம்பி, உங்களுக்கு ஓனரு எவ்வளவு பாக்கி குடுத்திருக்காருங்க?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. கேமராவை அப்போது பையில் வைத்திருந்தார்கள். பின்னர் வெளிவந்த நாற்பது நிமிடக் காணொளியில் இருமல் இருந்தது, வியர்வை இருந்தது, கடைசி நாளில் பெரியம்மாவின் காலைத் தொட்டு வணங்கிய காட்சியும் இருந்தது. பாக்கி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தறிக்காரர் வேலைக்குச் சேரும்போது உரிமையாளரிடம் வாங்கும் முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். பெரும்பாலும் அதற்கு வட்டி கிடையாது. அதை அடைக்கும்வரை அந்தத் தறியை விட்டுப் போக முடியாது; போக வேண்டுமென்றால், புதிய உரிமையாளர் ஒருவர் அந்தத் தொகையைப் பழையவருக்குக் கொடுத்து ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாமே அந்தப் பணத்தில்தான் நடக்கும். கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பதைத் தடுக்க 1976ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பாக்கியை வெறும் விலங்கு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஆள் தட்டுப்பாடு வந்த காலங்களில் தொழிலாளி பேரம் பேசுவதற்குக் கிடைத்த ஒரே பிடியும் அதுதான். "எனக்கு இவ்வளவு பாக்கி குடுத்திருக்காங்க" என்று பெரியப்பா சொல்லும்போது அந்தக் குரலில் கவலையும் ஒருவிதப் பெருமையும் சேர்ந்தே இருக்கும். இந்த இரண்டையும் ஒருசேரப் புரிந்துகொள்ளாதவர் தறிக்காரர் வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தேன் என்று சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

பிறர் வாழ்க்கையைச் சில நாள்கள் வாழ்ந்து பார்க்கும் தொலைக்காட்சி ஆவணத் தொடர்களை நான் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். அவற்றில் ஆவணப்பட இயக்குநர் மார்கன் ஸ்பர்லாக் 2005இல் அமெரிக்காவின் எஃப்.எக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய '30 டேஸ்' தொடரின் முதல் பகுதியை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவரும், அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் குறைந்தபட்சக் கூலியை மட்டும் வைத்து ஒரு மாதம் வாழ்ந்தார்கள். அன்றைய கூலி மணிக்கு 5.15 டாலர். மூட்டை சுமப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தப் பகுதியின் உயிர் என்று எனக்குத் தோன்றவில்லை. வாடகை, பேருந்துக் கட்டணம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்து அந்தக் கூலிக்குள் மாதத்தை ஓட்டிவிடலாம் என்று நாமும் நம்பத் தொடங்கும்போது, இருவருமே அடுத்தடுத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக நேரிடுகிறது. அந்தப் பில் வந்ததும் கணக்கு மொத்தமும் சரிந்துவிடுகிறது. ஒரு மாதத்தில் முடிந்துவிடும் விளையாட்டுதான். என்றாலும் அவர்கள் கணக்கை மறைக்கவில்லை என்பதால் அதை நான் மதிக்கிறேன்.

நம் பக்கத்திலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. கேமரா வெளிச்சம் அதன்மேல் அவ்வளவாக விழவில்லை. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் போதும் என்று திட்டக்குழு 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இரண்டு இளைஞர்கள் பெங்களூரில் நாளொன்றுக்கு நூறு ரூபாயில் வாழ்ந்து பார்த்தார்கள். பிறகு கேரளத்துக் கருகச்சாலுக்குப் போய் 26 ரூபாயில் வாழ்ந்தார்கள். நூறு ரூபாயிலேயே தங்கள் நடமாட்டம் ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் சுருங்கிவிட்டது என்று அவர்கள் சொன்னதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பவானி. சங்கமேஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார், போக மாட்டார்.

இதற்கு நேர்மாறாக என்னைத் தொந்தரவு செய்தது, நார்வேயின் ஆஃப்தன்போஸ்தன் நாளிதழ் 2014இல் வெளியிட்ட ஒரு தொடர். ஃபேஷனில் ஆர்வம் கொண்ட மூன்று இளைஞர்களைக் கம்போடியாவின் நாம்பென் நகருக்கு அழைத்துப் போய், தையல் தொழிற்சாலையில் உட்காரவைத்து, தொழிலாளியின் வீட்டுத் தரையில் தூங்கவைத்தார்கள். அதில் ஒரு பெண் மனமுடைந்து அழும் காட்சி உலகம் முழுவதும் பரவியது. அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் என் சித்தி மகள் கைமடியாக, அதாவது தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் உதவியாளாகச் சேர்ந்து, ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு வந்து, பாதம் வீங்கி அழுத இரவுகள் எனக்குத் தெரியும். அந்த அழுகை எங்கள் லைன் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. விருந்தாளி அழுதால்தான் வீட்டுக்காரரின் வலிக்குச் சாட்சி கிடைக்கும் என்ற ஏற்பாட்டை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வயிறு எரிகிறது. படம் பிடித்தவர்கள் அந்தத் தொழிலாளிப் பெண்ணிடம் கேமராவைக் கொடுத்து, இந்த மூவரையும் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஒரு பகுதி முழுக்கப் பேசவிட்டிருக்கலாம்.

லண்டன் வீடு ஒன்றில் ஒரு குடும்பம் மூன்று மாதம் 1900ஆம் ஆண்டுக்காரர்களைப் போல வாழ்ந்த '1900 ஹவுஸ்' போன்றவற்றின்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அங்கே பக்கத்தில் நின்று, தன் வாழ்க்கை கடன் வாங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை.

அப்படியென்றால் யாரும் வரவே வேண்டாமா என்று ஒரு தோழி கேட்டார். வர வேண்டும். அந்தத் தம்பியின் காணொளியைப் பார்த்த பிறகுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் தங்கள் அப்பாவிடம் தறியைப் பற்றி முதன்முறையாகக் கேள்வி கேட்டார்கள். அது சிறிய காரியம் இல்லை. ஆனால் உழைப்பைக் காட்டுவது எளிது. தறி ஓடும், சத்தம் வரும், வியர்வை வடியும், கேமராவுக்கு வேறென்ன வேண்டும்? கடனுக்கு உருவம் இல்லாததால் அதைக் காட்ட யாரும் மெனக்கெடுவதில்லை. எட்டாம் நாள் ஈரோட்டில் ரயில் ஏறப்போகிறவருக்கு உடம்பு வலிக்கும்; வேலையை விடவும் முடியாமல், அதில் நிற்கவும் முடியாமல் ஒருவர் பாயில் புரண்டு படுக்கும் இரவு அவருக்கு வராது. அதை அவரால் நடித்துக் காட்டவும் முடியாது, அவர் அதற்கு முயலவும் வேண்டாம். அந்த இடத்தில் வீட்டுக்காரரைப் பேசவிட்டுத் தான் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அந்தத் தம்பிக்குப் போன வாரம் ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஆண்டு மறுபடியும் வாருங்கள் என்று அழைத்திருக்கிறேன். தறி ஓட்ட வேண்டாம், திண்ணையில் படுக்கவும் வேண்டாம். தீபாவளிக்கு முன்பு போனஸ் பேசிப் பாக்கிக் கணக்குப் பார்க்கும் நாளில், உரிமையாளரும் பெரியப்பாவும் சம்மதித்தால், கேமராவோடு அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பெரியப்பா சம்மதித்துவிட்டார். கணக்கு எழுதிய சிட்டை நோட்டை இப்போதே எடுத்து வைத்திருக்கிறார்.