யுன் சிம்-தோக் முதலில் ஒரு பாடகி
யுன் சிம்-தோக்கின் வாழ்க்கையைப் பற்றிக் கொரிய இயக்குநர் கிம் ஹோ-சுன் 1991இல் இயக்கிய படத்தைக் 'காவியக் காதல்' என்று ஒரு கட்டுரை புகழ்கிறது. எனக்கு உடன்பாடில்லை. யுன் சிம்-தோக் கொரியாவின் முதல் சோப்ரானோ (மேற்கத்திய இசையில் பெண்களின் உச்சக் குரல்) பாடகி என்று போற்றப்படுபவர். கொரியா ஜப்பானிய ஆட்சியில் இருந்தபோது, உதவித்தொகை பெற்று தோக்கியோ போய் மேற்கத்திய இசை படித்தவர். நாடு திரும்பியதும் அந்தப் படிப்புக்கேற்ற மேடை அமையவில்லை, வம்புப் பேச்சுதான் சூழ்ந்தது. 1926இல் ஒசாகாவில் தங்கை பியானோ வாசிக்க, 'டான்யூப் அலைகள்' என்ற மேற்கத்திய இசையின் மெட்டில் சாவைப் பற்றிய ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பிறகு ஆகஸ்ட் 4 அதிகாலை, ஷிமொனோசெகியிலிருந்து பூசான் போன கப்பலில் நாடகாசிரியர் கிம் ஊ-ஜின்னோடு (அவர் மணமானவர்) காணாமல் போனார். அந்தச் செய்தி வந்தபிறகுதான் இசைத்தட்டு அமோகமாக விற்றது. நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது. படத்தில் யுன்னாக வரும் சாங் மி-ஹீயின் நடிப்பு அபாரம். ஆனாலும் அந்தக் குரலின் உழைப்பையும் பயிற்சியையும் இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்.