மரப்பலகை அணையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

அமெரிக்காவின் ஓஹியோ ஆற்றில் 2018 வரை ஓடிய 52-ஆம் எண் லாக் அணையின் வீடியோவைத்தான் சொல்கிறேன். (லாக் என்றால் படகுகளை ஒரு நீர்மட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், கதவு வைத்த தொட்டி.) படகில் இருந்து கொக்கி போட்டு மரப்பலகையைத் தூக்குகிறார்களாம், "வல்லரசின் லட்சணம்" என்று தலைப்பு. அந்தப் பலகைக்கு ஆங்கிலத்தில் 'விக்கெட்' என்று பெயர், அதனால் கீழே கிரிக்கெட் ஜோக் வேறு.

பலகை அங்கே சும்மா நிற்கவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் பலகைகளை நிமிர்த்துவார்கள். மட்டம் உயரும், படகுகள் லாக் வழியாகப் போகும். தண்ணீர் பெருகினால் படுக்க வைப்பார்கள். படகுகள் லாக்கைத் தொடாமல் அணைக்கு மேலேயே போய்விடும். படுத்திருக்கும் பலகையை ஆற்றின் மேல்பக்கமாக இழுத்தால், பின்னால் உள்ள முட்டுக்கால் அடியில் உள்ள இரும்புப் பள்ளத்தில் உட்காரும், பலகை நிற்கும். நிற்கும் பலகையை இன்னும் கொஞ்சம் இழுத்தால் கால் பள்ளத்தில் இருந்து நழுவும், பலகை சாய்ந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஷனுவான் யோசித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கோளாறே இல்லை என்று சொல்லவில்லை. பள்ளத்தில் சரளையோ கட்டையோ சிக்கினால் கால் உட்காராது. நீரோட்டம் கூடினால் தூக்கவே முடியாது. 2017-இல் அங்கே போக்குவரத்து நின்று, வரிசை கட்டிக் கிடந்தார்கள், உண்மைதான். ஆனால் 1920-களின் அணை அது! அதன் லாக் 600 அடிதான். 195 அடி நீள பார்ஜ்களை (தட்டையான சரக்குப் படகுகளை) மூன்று மூன்றாக ஐந்து வரிசை கட்டி வரும் தொடர் அதில் ஒரே தடவையில் நுழையாது. பாதியைப் பிரித்து இரண்டு நடை விட வேண்டும். அதனால் பக்கத்திலேயே 1969-இல் 1,200 அடியில் 'தற்காலிக' லாக் ஒன்று கட்டினார்கள். அந்தத் தற்காலிகம் 2018 வரை ஓடியது. அதற்கு யாரும் ஜோக் போடவில்லை.

"இரும்பில், மெஷினில் செய்திருக்கலாமே" என்பீர்கள். செய்தார்கள் ஐயா. மாற்றாக வந்த ஓம்ஸ்டெட் அணையில் 140 இரும்புப் பலகைகள். அவற்றைத் தூக்குவது எது தெரியுமா? படகில் உள்ள கிரேன்! சிரியுங்கள் பார்க்கலாம்.

ஓம்ஸ்டெட்டுக்கு அனுமதி 1988-இல், மதிப்பீடு 77.5 கோடி டாலர். திறந்தது 2018-இல், செலவு சுமார் 300 கோடி. ஆற்றை அடைக்காமல், கான்கிரீட் கூடுகளைக் கரையில் வார்த்து, ராட்சத கிரேனில் தூக்கி, தண்ணீருக்குள் இறக்கி வைக்கும் முறையை எடுத்தார்கள், அது இழுத்தது. பணமும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அந்த முப்பது வருடமும் அமெரிக்க உள்நாட்டு நீர்வழிச் சரக்கில் அதிகம் கடந்த இடத்தைத் தாங்கியது அந்தப் பழைய மரப்பலகைகளும் கொக்கி பிடித்த ஆட்களும்தான். இதில் அவர்கள் செய்த குற்றம் என்ன என்று யாராவது எழுதுங்கள், படிக்கிறேன்.