ஒரே ட்ரிப்புல ஆறு மாத்திரை

(பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மெடிக்கல் ஷாப். கல்லாவில் மருந்தாளுநர் செல்வி. ரிட்டயர்டு கண்டக்டர் பேச்சிமுத்து மஞ்சப்பையோடு வருகிறார்.)

பேச்சிமுத்து: ஏம்மா செல்வி, பால்ல கலக்கிக் குடிக்கிற அந்த விட்டமின் டி3 பவுடர் இன்னொரு எட்டு பாக்கெட்டு குடு.

செல்வி: போன வாரந்தானேண்ணே எட்டு வாங்குனீங்க? ரெண்டு மாசத்துக்கு வரணுமே!

பேச்சிமுத்து: எங்க வருது? தினம் காலைல ஒண்ணு. ருசியாத்தான் இருக்கு.

செல்வி: அய்யோ, சீட்டுல வாரம் ஒண்ணுன்னு எழுதியிருக்குண்ணே! ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட். இந்தப் பாக்கெட்டுல இருக்கிறது 60,000. ஒரு பாக்கெட்டுங்கிறது நூறு நாள் சீசன் பாஸ். நீங்க தினம் காலைல ஒரு பாஸ் எடுத்திருக்கீங்க.

பேச்சிமுத்து: கூடுனது மூத்திரத்துல போயிடும்னு சொன்னாங்களே?

செல்வி: பி-யும் சி-யும் பெரும்பாலும் அப்படிப் போகும். ஏ, டி, இ, கே நாலும் கொழுப்புல கரையிற சாதி. ஸ்டாப் வந்தாலும் இறங்காது, துண்டு போட்டு உக்காந்துக்கும். டி எகிறினா ரத்தத்துல கால்சியம் எகிறும். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி மூத்திரம். விட்டா கிட்னியில கை வைக்கும்.

பேச்சிமுத்து: தாகம் இருக்கத்தான் செய்யுது...

செல்வி: உங்களுக்குச் சுகரும் இருக்கு. எதனால தாகம்னு டாக்டர் சொல்லட்டும். பவுடரை இன்னைக்கே நிறுத்திட்டு, எட்டு நாள்ல எட்டு குடிச்சேன்னு மறைக்காம சொல்லுங்க. கால்சியம் டெஸ்ட் எடுக்கச் சொல்வாரு. பையில வேற என்ன வச்சிருக்கீங்க?

(கொட்டுகிறார். அட்டைகள் கல்லாவில் சரிகின்றன.)

பேச்சிமுத்து: கால்சியம், இரும்பு, பி காம்ப்ளெக்ஸ், ஜிங்க், மீன் எண்ணெய், சுகர் மாத்திரை. ஆறு மணிக்கு ஆறையும் ஒரே வாயில போட்டு டீயை ஊத்தி உள்ள தள்ளிடுவேன். ஒரே ட்ரிப். டீசல் மிச்சம்.

செல்வி: வண்டி ஓடுச்சு, கலெக்‌ஷன் இல்லண்ணே. இரும்பு ஏறுற படிக்கட்டுல டீயில இருக்கிற டானின் குறுக்க நிக்கும். கால்சியம் வேற அதே படிக்கட்டுல முண்டும். ஜிங்க்கும் அங்கதான் தொத்தும்.

பேச்சிமுத்து: "உள்ள போ, உள்ள போ"ன்னு சொல்ல ஒருத்தனும் இல்லையா?

செல்வி: இருக்கான். எலுமிச்சம்பழம். விட்டமின் சி சேந்தா இரும்பு நல்லா ஏறும். டீக்கு முன்னப் பின்ன ஒரு மணி நேரம், கால்சியத்துக்கு ரெண்டு மணி நேரம் தள்ளி இரும்பைப் போடணும். அதை விடுங்க, இந்தச் சிவப்பு மாத்திரையை உங்களுக்கு யாரு கொடுத்தா?

பேச்சிமுத்து: மக பிரசவத்தப்போ ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுத்தது. மிச்சம் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு...

செல்வி: அது கர்ப்பிணிக்கு உள்ளது. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். உங்களுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?

பேச்சிமுத்து: பாத்ததில்ல.

செல்வி: டிக்கெட்டே இல்லாம பயணம்! உங்க வயசுல ஆம்பளைக்கு இரும்பு குறைஞ்சா, உள்ள எங்கயாவது ரத்தம் கசியுதான்னு தேடணும். மாத்திரையைப் போட்டா அது மறைஞ்சுபோகும். மலம் வேற கருப்பாப் போறதால கசிவு இருந்தாலும் தெரியாது. கால் மரத்துப்போகுதா?

பேச்சிமுத்து: அதெப்படி உனக்குத் தெரியும்? செருப்பு கழண்டு விழுந்தாக்கூட தெரிய மாட்டேங்குது.

செல்வி: பத்து வருசமா இந்தச் சுகர் மாத்திரை, மெட்ஃபார்மின், போடுறீங்க. அது விட்டமின் பி12 குடல்ல ஏறுறதைக் குறைக்கும். நீங்க ஆட்டுக்கறி தின்னாலும்தான். பி12 குறைஞ்சா நரம்பு கெட்டுக் கால் மரக்கும். அதோட இந்த ஃபோலிக் ஆசிட் சேந்தா இன்னும் மோசம். ரத்தத்தை மட்டும் நல்லாக் காட்டும், உள்ள நரம்பு தேய்ஞ்சுக்கிட்டே போகும். இத்தனை அட்டை வாங்குனீங்களே, ஒரு பி12 டெஸ்ட் எடுத்தீங்களா? சுகராலயும் கால் மரக்கும். டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

பேச்சிமுத்து: வேண்டாததெல்லாம் சீட்டுல, வேண்டியவன் ஃபுட்போர்டுல! சரி, இன்னொண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. மூத்திரம் மஞ்ச மஞ்சேன்னு போகுது. மஞ்சக்காமாலைன்னு பத்து நாளா கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கேன்.

செல்வி: பி காம்ப்ளெக்ஸ் எப்ப ஆரம்பிச்சீங்க?

பேச்சிமுத்து: அதுவும் பத்து நாளாச்சு.

செல்வி: அதுல இருக்கிற பி2 மஞ்சள் நிறம்ணே. வேண்டியதுபோக மிச்சம் வெளிய போகுது. கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. எதுக்கும் டாக்டர்ட்ட இதையும் சொல்லிருங்க.

பேச்சிமுத்து: எம்பொண்டாட்டி அப்பவே சொன்னா, அரைக்கிறதுதான் மிச்சம்னு.

செல்வி: மீன் எண்ணெய்ல முன்னாடி 1000 மில்லிகிராம்னு பெருசாப் போட்டிருக்கா? பின்னாடி பாருங்க. நமக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு வெறும் 300.

பேச்சிமுத்து: போர்டு ஒரு ஊருக்கு, வண்டி ஒரு ஊருக்கு!

செல்வி: நூறு கிராம் மத்தி மீன்ல அதைவிடக் கூடவே கிடைக்கும். குழம்பு வைங்க. ஆமா, அக்காவுக்குத் தைராய்டு மாத்திரை எப்படிக் கொடுக்கீங்க?

பேச்சிமுத்து: அவளுக்கும் அதே ஆறு மணி ட்ரிப்தான். தைராய்டு, கால்சியம், காப்பி.

செல்வி: அதான் ஒவ்வொரு தடவையும் டோஸ் ஏறிக்கிட்டே போகுது! தைராய்டு மாத்திரை 50-ல ஆரம்பிச்சு இப்ப 100 வாங்குறீங்க. உள்ள போறதைக் கால்சியம் பிடிச்சு வச்சுக்கிட்டா ரத்தத்துல எங்க சேரும்? இனிமே சரியாக் கொடுத்தா டோஸ் கூடிப்போகும், அதனால டாக்டர்ட்ட சொல்லிட்டு மாத்துங்க. ரெண்டு மாசத்துல மறுபடி டெஸ்ட் பாக்கணும்.

பேச்சிமுத்து: இரு, இரு. டைம்டேபிள் போட்டுக் குடு. முப்பத்திரண்டு வருசம் டைம் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டவன் நான்.

செல்வி: (பில்லில் எழுதியபடி) அக்காவுக்கு ஆறு மணிக்குத் தைராய்டு, வெறும் தண்ணியில. ஏழு மணிக்குக் காப்பி. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோட. குறைஞ்சது நாலு மணி நேர இடைவெளி. உங்களுக்குச் சுகர் மாத்திரை சாப்பாட்டோட. வெறும் வயித்துல போட்டா வயித்தைப் பெரட்டும். இரும்பு, கால்சியம், ஜிங்க் மூணும் டாக்டர் சொல்ற வரைக்கும் டிப்போவுல நிக்கட்டும்.

பேச்சிமுத்து: டீ?

செல்வி: இரும்பு ஓடலேல்ல, ரோடு காலி. எப்ப வேணா குடிங்க. சீனி போடாம.

பேச்சிமுத்து: அதுல ஒரு செக்கிங் வச்சுட்டியே! சரி, அவளுக்குத் தைராய்டு அட்டை ஒண்ணு குடு. இந்தா இருநூறு.

செல்வி: 193 ஆச்சு. ஏழு ரூபா சில்லறை இல்லண்ணே.

பேச்சிமுத்து: அதுக்கென்ன, அந்த ஆரஞ்சு சி மாத்திரை ரெண்டு குடு, சப்பிக்கிட்டே போறேன்.

செல்வி: இவ்வளவு நேரம் யாருக்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?

(பில்லைத் திருப்பி, பின்பக்கம் 7 என்று எழுதிச் சுழித்து நீட்டுகிறாள்.)

செல்வி: இறங்கும்போது வாங்கிக்கோங்க.